பெண்களின் கைப்பை: தோல் வந்த வழி

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பெண்களின் தோற்கைப்பையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் சில ஐயாமார் சிரித்தார்கள். புதிய சிரிப்பன்று அது; இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாரிஸிலும் கேட்டதுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண், தனக்கு வேண்டியவற்றை இடுப்பில் நாடாவால் கட்டிய இரண்டு துணிப்பைகளில் வைத்து, அகன்ற பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். பாவாடையின் பக்கவாட்டு வெட்டினூடாகக் கையை நுழைத்துத் திறப்புக்கோர்வையையோ கத்தரிக்கோலையோ காசையோ எடுத்தாள். 1790களில் மெல்லிய, ஒடுங்கிய நெடுஞ்சட்டை நாகரிகமானதும் உள்ளே தொங்கிய பை துருத்தித் தெரிந்தது. ஆகவே அது வெளியே, கைக்கு வந்தது. பட்டிலும் வலைப்பின்னலிலும் செய்த அந்தச் சுருக்குப்பைக்கு ரெட்டிக்யூல் என்று பெயர். கேலிபேசியோர் அதை 'ரிடிக்யூல்', அதாவது கேலிக்குரியது என்று திரித்துச் சொன்னார்கள். ஒரு பெண் தன் உடைமையை நாலுபேர் காணத் தூக்கிக்கொண்டு நடந்ததுதான் அவர்களை உறுத்தியது என்று நான் கொள்கிறேன்.

பட்டுப்பை விருந்துக்குப் போதும், புகைவண்டிக்குப் போதாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தண்டவாளங்கள் பரவியபோது, சேணமும் பெட்டகமும் செய்துவந்த தோற்றொழிலாளரே உலோகச் சட்டமும் பூட்டும் உள்ளறைகளும் கொண்ட உறுதியான கைப்பைகளைச் செய்யத் தொடங்கினர். 1837இல் பாரிஸில் குதிரைச் சேணத் தொழிலகமாகத் தோன்றிய ஹெர்மேஸ் பிற்காலத்தில் கைப்பையால் பெயர்பெற்றதும் இந்த வழியில்தான். மரப்பட்டைச் சாற்றில் மாதக்கணக்கில் ஊறிய தோலின் இடத்தை அந்நூற்றாண்டின் இறுதியில் குரோமிய உப்பால் விரைவாகப் பதனிட்ட மெல்லிய தோல் பிடிக்கத் தொடங்கியது, பையும் இலேசாயிற்று.

பூட்டு என்றேன்; பூட்டிவைக்கப் பெண்ணுக்குத் தனதென்று பணம் வேண்டுமே. திருமணமான பெண் தன் உழைப்பின் ஊதியத்தைத் தனதென்று வைத்திருக்க இங்கிலாந்துச் சட்டம் இடங்கொடுத்தது 1870இல். சொத்துரிமை பரவலாகக் கிடைத்தது 1882இல். தன் சீதனக் காணியை விற்கவும் கணவனின் சம்மதத்தைக் கேட்கும் தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்தின்கீழ் வாழும் நாம், அவர்கள் பிந்திவிட்டார்கள் என்று நகைக்க முடியாது.

1956இல் மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லி தோற்பையொன்றுடன் எடுத்த படத்தால் அந்தப் பைக்கே அவர் பெயர் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அதைவிட முக்கியமானது அதற்கு முந்தைய ஆண்டில் நடந்தது. பையைக் கையிலேயே பிடித்திருப்பதில் சலித்துப்போன பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் கப்ரியேல் ஷனெல், 1955 பெப்ரவரியில், தோளில் மாட்டும் சங்கிலியுடன் ஒரு பையை வெளியிட்டார். பெண்ணின் இரு கைகளும் விடுதலையாயின என்று பாரிஸ் வியந்தது. பனையோலைக் கொட்டப்பெட்டியை இடுப்பில் செருகி, கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போன எங்கள் ஆச்சிமாரிடம் யாரும் கேட்கவில்லை.