விறகு பிளக்கும் கோடரி: எடை எங்கே இருக்க வேண்டும்?

வணக்கம் நண்பர்களே. "விறகு பிளக்க எத்தனை கிலோ கோடரி வாங்கலாம்?" என்றுதான் பலரும் கேட்கிறீர்கள். கிலோவைப் பிறகு பார்ப்போம். அந்த எடை கோடரித் தலையில், அதாவது இரும்புப் பகுதியில், எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கேமராவுக்குக் கிட்டத்தில் காட்டுகிறேன். இது மரம் வெட்டும் கோடரி. கன்னம், அதாவது தலையின் பக்கவாட்டு, மெலிந்திருக்கிறது, மரத்தின் நாரைக் குறுக்கே அறுக்க இதுதான் சரி. ஆனால் நிறுத்தி வைத்த கட்டையில் ஓங்கிப் போட்டால் ஆழமாக இறங்கிச் சிக்கிக்கொள்ளும். அடுத்தது பிளக்கும் கோடரி. வாயிலிருந்து, அதாவது வெட்டும் விளிம்பிலிருந்து, பின்னால் போகப் போக ஆப்பாகப் பருக்கிறது. கன்னத்தில் லேசான புடைப்பு தெரிகிறதா? மரத்தை இரு பக்கமும் தள்ளுவது அதுதான்.

இப்போது காம்பைத் தலைக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையில் படுக்க வைக்கிறேன். விரல்களை மூடவில்லை. வாய் சட்டென்று கீழே புரண்டால் முன்பக்கம் கனம் அதிகம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட கோடரி கைக்குள் திரும்பிக்கொண்டே இருக்கும். அதை அடக்கியே மணிக்கட்டு ஓய்ந்துவிடும். பின்பக்கத்தில் போதிய இரும்பு இருந்தால் எடை மையம் காம்பை ஒட்டி வரும், குறி வைத்த இடத்தில் விழும். இதோ, இது மெதுவாகத்தான் சாய்கிறது. எனக்குப் பிடித்த கோடரி இது.

கிலோ கணக்குக்கு வருவோம். எடையை 2 மடங்கு ஆக்கினால் அடியின் ஆற்றலும் 2 மடங்குதான். வேகத்தை 2 மடங்கு ஆக்கினால் ஆற்றல் 4 மடங்கு. ஆகவே 3.5 கிலோவைத் தூக்கித் திணறுவதைவிட, 2 கிலோவை விசையோடு வீசுவது மேல். கணு நிறைந்த முரட்டுக் கட்டைக்கு மட்டும் கனமானதை எடுங்கள்.

வேண்டுமென்றே சமநிலையைக் குலைத்த கோடரியும் உண்டு. பின்லாந்தின் ஹெய்க்கி கார்னா உருவாக்கிய 'விப்புகிர்வெஸ்' அது. எத்தனை அழகான யோசனை! எடை ஒரு பக்கமாகத் தள்ளி இருப்பதால், வாய் மரத்தில் பதிந்ததும் தலை பக்கவாட்டில் திரும்பி நெம்புகோல் போலத் துண்டைப் பெயர்த்துவிடுகிறது. அடி விழும் நொடியில் பிடியைத் தளர்த்துங்கள். இறுக்கிப் பிடித்தால் அந்தத் திருப்பம் மணிக்கட்டுக்கு வந்துவிடும். கட்டையின் நடுவில் போடாமல் ஓரத்திலிருந்து துண்டு துண்டாகப் பெயர்த்துக்கொண்டே வாருங்கள்.