கறி ஏன் ரப்பரா இழுக்குது? தசைக்குள்ள இருக்கிற கால்பெயின் என்சைம்

[காட்சி: விடிகாலை, கறிக்கடையில் தொங்கும் ஆட்டுத் தொடை]

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில விடியறதுக்கு முன்னாடி வெட்டின ஆடு, ஏழு மணிக்குத் தெருமுனைக் கடைக்கு வந்துடுது. ஒன்பது மணிக்குக் குக்கர்ல இருக்கு. எட்டு விசில் விட்டும் கறி இழுத்தா, "கிழட்டு ஆட்டைப் போட்டுட்டான்"னு கடைக்காரர் மேல பழி விழுது. வயசும் ஒரு காரணம்தான். வயசாக ஆகக் கொலாஜன்ங்கிற இணைப்புப் புரதம் இறுகும், அதை நீண்ட வேக்காடு கரைச்சிடும். வேக்காடு சரிசெய்ய முடியாத இன்னொரு இறுக்கம் இருக்கு. அதைத் தளர்த்துறது ஆட்டோட தசைக்குள்ளயே இருக்கிற கால்பெயின்ங்கிற என்சைம். அதுக்குக் கால்சியம் வேணும், நேரமும் வேணும்.

[அனிமேஷன்: ஒரு சார்கோமியர், பெரிதாக்கப்பட்டு]

தசை நாருக்குள்ள சார்கோமியர்னு சின்னச் சின்ன அலகுகள் வரிசையா நிக்குது. ஒவ்வொண்ணும் சுமார் 2 மைக்ரோமீட்டர். ரெண்டு முனையிலயும் இசட் தட்டு, நடுவுல ஆக்டின், மயோசின் இழைகள். இதெல்லாம் இடம் மாறாம கட்டி வெச்சிருக்கிறதுல டைட்டின், நெபுலின், டெஸ்மின்ங்கிற மூணு புரதங்களுக்கும் பெரிய பங்கு. கால்பெயின் வெட்டுறது இந்தக் கட்டுகளைத்தான். ஆக்டினையும் மயோசினையும் பெரும்பாலும் தொடாது. புரதத்தை முழுசா செரிக்கவும் செய்யாது, குறிப்பிட்ட சில இடங்கள்ல நறுக்கிட்டு விட்டுடும்.

[திரையில் எண்கள் ஒவ்வொன்றாக]

உயிரோட ஓய்வா இருக்கிற தசை செல்லுல கால்சியம் சுமார் 0.1 மைக்ரோமோலார் (செறிவோட அலகு). சுருங்கும்போது கொஞ்ச நேரத்துக்கு 1 முதல் 10 வரைக்கும் ஏறும். உடனே செல்லோட எரிபொருளான ஏடிபியைச் செலவு பண்ணி ஒரு பம்ப் அதைத் திரும்பச் செல்லுக்குள்ள இருக்கிற சேமிப்புப் பைக்கு இழுத்துக்கும். கால்பெயின்ல ரெண்டு வகை முக்கியம். கால்பெயின்-1 பாதி வேகத்துல வேலை செய்யவே 3 முதல் 50 மைக்ரோமோலார் தேவை. கால்பெயின்-2க்கு 400 முதல் 800. அது போதாதுன்னு கால்பாஸ்டாடின்னு ஒரு தடுப்புப் புரதமும் கூடவே காவலுக்கு இருக்கு. இவ்வளவு கட்டுப்பாடு அவசியம்தான். டூஷென் தசைச்சிதைவு நோய்ல செல் சவ்வு கிழிஞ்சு கால்சியம் உள்ளே கசியும்போது, இதே என்சைம் உயிருள்ள தசையை வெட்ட ஆரம்பிக்குது.

ஆடு செத்ததும் ஏடிபி தீருது, பம்ப் நிக்குது, கால்சியம் 100 மைக்ரோமோலாருக்கு மேல போகுது. கால்பெயின்-1 முழுசா எழுந்துக்கும், கால்பெயின்-2 பெரும்பாலும் தூங்கிட்டே இருக்கும். கறியில கால்சியம் குளோரைடு ஏத்தினா சீக்கிரம் மிருதுவாகுது, துத்தநாகத்தை ஏத்தினா மிருதுவாகறது நின்னுடுது. 1983ல ஓக்லஹோமாவுல பிறந்த ஒரு கிடாவோட வம்சத்துல, பின்தொடை பெருத்த காலிபீஜ் செம்மறி ஆடுகள் வந்துச்சு. நிறைய கறி, கொழுப்பும் கம்மி. ஆனா கால்பாஸ்டாடின் அளவுக்கு மீறி இருந்ததால முதுகுச் சதை மெல்லவே முடியாத அளவுக்கு இறுகிப்போச்சு.

[வரைபடம்: நேரம், வெட்டத் தேவையான விசை]

இதைக் கவனமா பாருங்க. செம்மறிக்குட்டியோட முதுகுச் சதையைக் கருவியில வெட்டிப் பார்த்த அளவீடு: அறுத்த உடனே சுமார் 5 கிலோ விசை. 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 8.7. அதாவது செத்த பிறகு வர்ற விறைப்புல கறி முதல்ல இறுகுது. 72 மணி நேரத்துல 4.4, பதினாலு நாள்ல 3.1. அதனால "ஒரு ராத்திரி பிரிட்ஜ்ல வெச்சாப் போதும்"ங்கிறது தப்பான யோசனை, உச்ச விறைப்புலதான் எடுத்து சமைக்கிறோம். ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு வியாழக்கிழமையே வாங்குங்க.

வாங்கும்போது துண்டு போடாதீங்க. எலும்போட முழுத் தொடையா கேளுங்க. விறைப்பு வர்றதுக்கு முன்னாடி சின்னத் துண்டுகள் 10 டிகிரிக்குக் கீழ குளிர்ந்தா, பம்ப் தடுமாறிக் கால்சியம் கசிஞ்சு சார்கோமியர் சுருங்கிடும். அந்த இறுக்கத்தைக் கால்பெயினால பெருசா சரிசெய்ய முடியாது. முழுத் தொடை மெதுவா குளிரும், எலும்பு சதையைச் சுருங்க விடாம பிடிச்சிருக்கும். வாங்கின சூட்டோட ஃப்ரீசர்ல போடுறது அதைவிட மோசம். உருகும்போது கால்சியம் மொத்தமா வெளிய வந்து, கறி வெகுவா சுருங்கித் தண்ணி விட்டுடும்.

மூடின டப்பாவுல, கீழ்த்தட்டுல, 4 டிகிரி அல்லது அதுக்குக் கீழ வைங்க. சித்திரை வெயில்ல கதவை அடிக்கடி திறக்கிற பிரிட்ஜ் அந்த அளவுக்குக் குளிராது, ஒரு தெர்மாமீட்டர் உள்ளே போட்டுப் பாருங்க. நாலஞ்சு மணி நேரம் கரண்ட் போயிருந்தா இந்த முறையே வேண்டாம். பிசுபிசுப்போ வாடையோ இருந்தா தூக்கிப் போடுங்க. வெளியில வெச்சா சீக்கிரம் மிருதுவாகும்னும் நினைக்காதீங்க. நம்ம ஊர் சூட்டுல கிருமி பெருகும். சூடும், செத்த தசையில உருவாகிற அமிலமும் சேர்ந்து கால்பெயினையும் சீக்கிரமே செயலிழக்க வெச்சிடும்.

காத்திருக்க நேரம் இல்லையா? பப்பாளிக்காய் இருக்கு. அதுல உள்ள பப்பெயினுக்குக் கால்சியமும் வேண்டாம், மூணு நாளும் வேண்டாம். கிலோவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் விழுது, ஒரு மணி நேரம் போதும். அது அடுப்புல 60, 70 டிகிரி சூடு ஏறும்போதுதான் வேகமா வெட்டும், மயோசினையும் விடாது. ராத்திரி முழுக்க ஊற வெச்சா மேல்பக்கம் மாவாயிடும், நடுச்சதை அப்படியே இழுக்கும்.