எத்தனை வண்டி ஏறியது என்பது கணக்கே இல்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சேலத்து மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு, "ஏற்காடு வளரப் பெரிதும் தேவை வருகிறவர்களின் எண்ணிக்கையா, மலையில் தங்கும் வருமானமா?" எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரே மூச்சில் ஒரு திட்டமே போட்டுக் கொடுத்துவிட்டார். சாலையை அகலமாக்கு, ரோப் கார் போடு, பெரிய பெரிய ஓட்டலாகக் கட்டு, கூட்டம் இரண்டு மடங்காகும், கூட்டம் வந்தால் காசு தானாக வரும் என்றார். வரும் ஐயா, யார் இல்லை என்றது? காலையில் ஏறி வந்த அந்தக் காசு, சாயங்காலம் எந்த வண்டியில் உட்கார்ந்து கீழே இறங்கிப் போகிறது என்று அவர் சொல்லவே இல்லையே.

நம்ம ஊர்க்காரர் ஏற்காடு போகிற அழகைச் சொல்கிறேன், கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வீட்டில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டியாகிவிடும். அஸ்தம்பட்டியில் பெட்ரோல். கோரிமேட்டில் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸும். அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு, பின் சீட்டில் ஒரு பையனுக்கு வாந்தி, ஏரியில் ஒரு ரவுண்டு படகு, லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் நின்று கீழே தெரிகிற சேலத்தில் நம்ம வீடு எங்கே என்று ஒரு தேடல், ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி, இருட்டுவதற்குள் வீடு. இதில் மலைக்குக் கிடைத்தது என்ன? படகு டிக்கெட் காசு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு. பஜ்ஜிக் காசு மலைக்கு. தின்ற இலையும் பாட்டிலும்கூட மலைக்குத்தான். (சிரிக்கிறவர்களைப் பார்த்தால் போன ஞாயிறு யார் யார் போனீர்கள் என்று தெரிகிறது.)

போகிறவரை நான் குற்றம் சொல்லவில்லை. முப்பது கிலோமீட்டர் சுமாரில் ஒரு மலை இருந்தால் எந்த ஊர்க்காரரும் இப்படித்தான் போவார். ஆனால் இதே பயணத்தை இரண்டு மடங்காக்குவதற்கு அரசாங்கம் கோடி கோடியாகச் செலவு செய்ய வேண்டும், அதற்குப் பெயர் வளர்ச்சித் திட்டம் என்றால், பஜ்ஜிக் கடைக்காரரே ஒத்துக்கொள்ள மாட்டார்.

நமக்கு ஏற்காடு என்றால் ஒண்டிக்கடை ரவுண்டானா, ஏரி, அதைச் சுற்றி நாலைந்து இடம். வட்டாரத்தில் இருப்பதோ 67 மலைக் கிராமங்கள். நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், வெள்ளக்கடை என்று அந்தப் பக்கம் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? அங்கே பெரும்பாலும் மலையாளி என்கிற பழங்குடி மக்கள், கேரளக்காரர்கள் இல்லை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது, தமிழ்நாட்டில் அப்படி இருப்பவை இரண்டே தொகுதிகள், இன்னொன்று சேந்தமங்கலம். ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடம் இல்லாமல் சண்டை நடக்கிற அதே ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊர்களில் சுற்றுலா என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் நடப்பதில்லை. திட்டத்தை ஏரியிலிருந்து தொடங்கினால் அது ஏரியிலேயே முடிந்துவிடும். கிராமத்திலிருந்து தொடங்குங்கள் என்கிறோம்.

எப்படித் தொடங்குவது? காப்பியிலிருந்து. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆக இருநூறு வருஷமாகக் காப்பி விளைகிற மலை. அங்கே போகிற நாம் செடியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கடையில் பொடி பாக்கெட் வாங்கிக்கொண்டு இறங்குகிறோம். நாம் போவதும் எப்போது? மே மாதம், கோடை விழாவுக்கு, எல்லோரும் ஒரே நேரத்தில். கிளியூர் அருவிக்குத் தண்ணீர் ஏரி நிரம்பி வழிந்தால்தான் வரும். மே மாதத்தில் பெரும்பாலும் வெறும் பாறையைப் பார்த்து, அதற்கு முன்னால் நின்று செல்ஃபியும் எடுத்துவிட்டு வருகிறோம். மழை முடிந்து அருவியில் தண்ணீர் இருக்கும்போது, நவம்பர் வாக்கில் காப்பிப் பழம் சிவந்து பறிப்பு தொடங்குகிறது, தை மாசி வரைக்கும் போகிறது, கூடவே சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகும் பறிப்புக்கு வந்துவிடும். அந்த மூன்று நான்கு மாதத்தில் ஒரு குடும்பம் ஒரு கிராமத்து வீட்டில் இரண்டு ராத்திரி தங்கட்டும். பழம் பறிக்கட்டும், தோல் நீக்குவதைப் பார்க்கட்டும், களத்தில் காய்கிறதை வாசம் பிடிக்கட்டும், ராகிக் களி சாப்பிடட்டும், போகும்போது அந்த வீட்டுக் காப்பியையே இரண்டு கிலோ வாங்கிப் போகட்டும். எதிரணி சொல்கிற ஐம்பது புளியோதரைக் குடும்பம் விட்டுவிட்டுப் போகிற காசை இந்த ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போகும்.

எதிரணித் தலைவர் இப்போதே எழுதி வைத்துக்கொள்கிறார், "ஹோம்ஸ்டே ஏற்கெனவே இருக்கிறதே" என்று கேட்பார். இருக்கிறது ஐயா. வீட்டுக்காரர் பெங்களூரில் இருக்கிறார், சாவி வாட்ச்மேன் கையில் இருக்கிறது. உரிமம் கொடுக்கும்போது அந்த வீட்டில் குடியிருக்கிறவருக்குத்தான் என்று ஒரு வரி சேருங்கள், பாதிப் பலகை கீழே இறங்கிவிடும்.

நிலத்துக்கு வருவோம், விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஆந்திராவில் அரக்கு பள்ளத்தாக்கு, பழங்குடி மக்கள் காப்பி போடுகிற இடம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஐந்து இந்தியக் காப்பிகளில் அதுவும் ஒன்று, ஏற்காடு இருக்கிற நம்ம சேர்வராயன் மலைக் காப்பி அந்த ஐந்தில் இல்லை. அரக்கு ஐந்தாம் அட்டவணைப் பகுதி, அதாவது பழங்குடி மக்களுக்கு அரசியல் சட்டம் தனிப் பாதுகாப்பு கொடுக்கிற இடம். பழங்குடி அல்லாதவர் அங்கே நிலம் வாங்க முடியாதபடி 1970-லேயே சட்டம் இருக்கிறது. அதனால் சுற்றுலா வளர்ந்தாலும் தோட்டம் கைமாறாது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. இங்கே ரோப் கார் வருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், முதலில் மலையேறி வருகிறவர் சுற்றுலாப் பயணி இல்லை, நிலத் தரகர். விற்றவர் அப்புறம் அதே இடத்தில் கட்டின ஓட்டலில் கேட் திறந்து விடுவார், அதையும் எதிரணி "வேலைவாய்ப்பு" என்று கணக்கில் எழுதிக்கொள்ளும்.

கூட்டத்தைத் தடுத்தால் வியாபாரம் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். நாங்கள் யாரையும் தடுக்கச் சொல்லவில்லை. தடுக்கிற நிலைமைக்குப் போக வேண்டாம் என்கிறோம். ஊட்டியும் கொடைக்கானலும் எண்ணிக்கையைத் துரத்திப் போன ஊர்கள்தானே? 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுத்தால்தான் வண்டி ஏறலாம் என்றாகிவிட்டது. அடுத்த வருஷம் ஊட்டிக்கு வார நாளில் 6000 வண்டி, கொடைக்கானலுக்கு 4000 என்று உச்சவரம்பும் போட்டார்கள். எதிரணி காட்டுகிற பாதை போய்ச் சேருகிற இடம் அதுதான். நமக்கு அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வர நேரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. சேலத்துக்குள் ஓடுகிற திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில்தான் பிறக்கிறது, மேலே கொட்டுவது கீழே நம்ம வாசலுக்கே வரும். அந்த ஆறு ஊருக்குள் இப்போது இருக்கிற நிலைமையைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நடுவர் மணி அடித்துவிடுவார்.

இதோ, அடித்தே விட்டார். சரி. அடுத்து வருகிற எதிரணிப் பேச்சாளர் ரோப் காரைப் பற்றி விரிவாகப் பேசப் போவதாகக் கேள்வி. தாராளமாகப் பேசட்டும். அந்த டிக்கெட் காசில் எத்தனை ரூபாய் மாரமங்கலம் ஊராட்சிக் கணக்கில் ஏறும் என்பதையும் அப்படியே சொல்லிவிட்டு உட்காரட்டும்.