இடுப்பில் ஒரு கயிறு

அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பின்னால் தெரிவது, தென்காசிக்கு அருகே என் அம்மா பிறந்த ஊரில் உள்ள கிணறு. ஏழு வயதில் தாத்தா எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த இடம். பிள்ளைகளின் மனஉறுதியைப் பற்றிப் பேசும்படி உங்களில் பலர் கேட்டிருந்ததால், கேமராவை இங்கேயே எடுத்து வந்துவிட்டேன்.

என் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையையும் இடுப்பில் கயிற்றையும் கட்டிவிட்டு, அதன் மறுமுனையைப் பிடித்தபடி தாத்தா அதோ அந்தப் படியில் உட்கார்ந்துகொள்வார். நான் தண்ணீரைக் குடித்துத் திணறினாலும் உடனே இழுத்துவிட மாட்டார். "காலை அடி, காலை அடி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார், உண்மையிலேயே மூச்சு முட்டும்போதுதான் கயிறு இறுகும். சில நாட்களில் குடுக்கை போயிற்று, பிறகு கயிறு தொய்ந்தது. ஒரு நாள் கரையேறித் திரும்பிப் பார்த்தபோதுதான், அதன் மறுமுனை அவர் கையில் இல்லாமல் என் பின்னாலேயே மிதந்து வந்திருப்பது தெரிந்தது.

தானாக நீந்திவிடும் என்று பிள்ளையைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டவர்களும் இதே ஊரில் உண்டு. அப்படிப் போடப்பட்ட என் உறவினர் ஒருவர் ஐம்பது வயதாகியும் கிணற்றடிக்கு வருவதில்லை. கஷ்டப்பட்டால்தான் பிள்ளை உருப்படும் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியாததற்கு அவரும் ஒரு காரணம்.

ஹவாயின் காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 40 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பிறப்பின்போது சிக்கல், குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் படிப்பிலோ நடத்தையிலோ இடறினார்கள். கஷ்டம் மட்டும் அவர்களைத் தேற்றிவிடவில்லை. தேறி வந்த மற்றப் பங்கினரில் பலருக்கு, பாட்டியோ உறவினரோ யாராவது ஒருவர் உறுதுணையாக இருந்திருக்கிறார். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற பொறுப்பும் கையில் இருந்திருக்கிறது. தாத்தாவின் கயிறும், "காலை அடி" என்ற சொல்லும்தான் எனக்கு அதில் தெரிகின்றன.

ஆகவே பள்ளியில் பிள்ளையை ஒருவன் தினமும் அடித்தால், அது பயிற்சி அல்ல. அங்கே கயிற்றை இழுத்தே ஆக வேண்டும். நான் சொல்வது சின்னச் சின்னத் திணறல்களைப் பற்றி.

சென்ற வாரம் நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் கடையிலிருந்து திரும்பியபோது, மீதிச் சில்லறையில் ஐந்து ரூபாய் குறைந்தது. "நீயே வந்து கேளும்மா" என்றாள். எனக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடக் கால் பரபரத்தது; அடக்கிக்கொண்டு, அண்ணாச்சியிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். வாசலில் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள், மூன்றாவது முறை குரல் அடைத்தது, ஆனாலும் போனாள். பெரியவர்கள் முந்திக்கொண்டு சாமான் வாங்க, சில்லறையை உள்ளங்கையில் இறுக்கியபடி அவள் ஓரமாக நின்ற அந்த ஐந்து நிமிடமும் நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன்.

பணம் வரவில்லை. பிஸ்கட் விலை ஏறியிருக்கிறதாம். உறையில் அச்சிட்டிருந்த விலையை அவளே படித்துப் பார்த்துவிட்டு வந்து எனக்குக் கணக்குச் சொன்னாள்.

நாளை காலை அவள் இந்தக் கிணற்றில் இறங்குகிறாள். சுரைக்குடுக்கைதான் எங்கும் கிடைக்கவில்லை. கயிறு வாங்கி வைத்திருக்கிறேன்.