கவிச்சியும் கார்ட்டிசாலும்
(தண்டையார்பேட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். மேடை ஏறுவதற்குள் ஓர் அக்கா மடக்கிவிட்டார். "தம்பி, கொதிக்கிற கஞ்சி வயிறு, தொடையெல்லாம் கொட்டிக்கிச்சு எம்புள்ள. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தாச்சு. புண்ணு ஆறுற வரைக்கும் கவிச்சி கூடாதுன்னு மாமியா சொல்றாங்க. மீன் குடுக்கலாமா?" காசிமேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் மீனுக்குத் தடை! பதில் சொல்கிறேன் அக்கா. ஆனால் நான் பரிசோதனைக்கூடத்து ஆள், சிறுநீர் வழியாகத்தான் வருவேன்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பது அட்ரீனல் சுரப்பி. அது சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன் கார்ட்டிசால். விடிகாலையில் ஏறும், நள்ளிரவில் இறங்கும். பெரிய தீக்காயம் பட்டவருக்கு அந்த இறக்கமே இல்லாமல் போகலாம். கையில் ஒரு கொப்புளம் என்றால் இவ்வளவு ஆட்டமில்லை. உடம்பில் பெரும்பகுதி வெந்தால் மாதக்கணக்கில் நீளும். அந்தக் கார்ட்டிசால் தசைப் புரதத்தை உடைத்துக் கல்லீரலுக்கு அனுப்பிச் சர்க்கரையாக்குகிறது. விறகு தீர்ந்த வீட்டில் கதவைப் பிடுங்கி அடுப்பில் வைப்பது போல.

வேலை முடிந்த கார்ட்டிசாலைக் கல்லீரல் டெட்ராஹைட்ரோகார்ட்டிசால் போன்ற பொருட்களாக மாற்றி, நீரில் கரையும்படி குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டிவிடும். அது சிறுநீரில் வெளியேறும். அதை அளக்கத்தான் பரிசோதனைக்கூடத்தில் நாங்கள் கொடுக்கும் சிறுநீர்க் கேன். காலையில் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் அதே நேரம் வரை ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும். அம்மாக்கள் அதை முந்தானையால் மூடிக்கொண்டு வருவார்கள். வெட்கம் எதற்கு? ஊசியில் எடுத்த ரத்தம் அந்த நிமிடத்தைச் சொல்லும்; கேன் ஒரு முழு நாளையும் சொல்லும்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ரத்தத்தில் கார்ட்டிசால் கூடுவது சுரப்பு பெருகுவதால் மட்டுமல்ல, அதை உடைக்கும் நொதிகள் மந்தமாவதாலும்தான் என்று 2013இல் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரத்தத்தை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. கழிவையும் எண்ண வேண்டும்.

சரி, மீனுக்கு வருகிறேன். தோல் மூடிய பிறகும் மாடிப்படி ஏற முடியாமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு, தசை கரைந்திருக்கும். அந்த உடம்புக்கு ரசஞ்சோறு மட்டும் போட்டால் மிச்சமிருக்கும் கதவும் அடுப்புக்குத்தான். டாக்டர் தனியாக ஏதும் தடை சொல்லாவிட்டால் முட்டை, பருப்பு, மீன் எல்லாம் கொடுங்கள். வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை, நெத்திலியே போதும்.

மாமியாரிடம் யார் சொல்வது என்கிறீர்களா? அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு வாருங்கள் அக்கா, நானே பேசுகிறேன்.