முளைத்து மூன்று இலை விடாதவருக்கு இவ்வளவு சம்பளமா?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். தொடரில், இன்னும் தங்களை நிரூபிக்காத புதுமுகங்களுக்கு அளவுக்கு மீறிக் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு முன் பேசிய நண்பர் முழங்கினார். "முளைத்து மூன்று இலை விடவில்லை, அதற்குள் கோடிகளா?" என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது, நானும் தட்டினேன். தமிழ் நன்றாக இருந்தது. கணக்குத்தான் 2010-ஆம் ஆண்டோடு நின்றுபோயிருந்தது.

நண்பர் கூண்டில் ஏற்றிய முதல் சாட்சி ஜமார்கஸ் ரஸ்ஸல். 2007-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி, கல்லூரிப் புதுமுகங்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர். பேரம் படியாததால் பயிற்சி முகாமுக்கே வராமல், பருவம் தொடங்கிய பிறகு செப்டம்பரில் கையெழுத்திட்டார். ஆறு ஆண்டுகளுக்கு 6 கோடி டாலருக்கு மேல். அதில் ஏறக்குறைய பாதி உத்தரவாதத் தொகை, அதாவது சோபிக்காவிட்டாலும் கைக்கு வந்துவிடும். 25 ஆட்டங்களில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார்; அணி வென்றது ஏழில். 2010 மே மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுக்கவில்லை. இன்னொரு சாட்சியை நானே தருகிறேன். அதே 2010-இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ், சாம் பிராட்ஃபோர்டு என்ற இளைஞருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. 5 கோடி உத்தரவாதம். தொழில்முறைக் களத்தில் ஒரு பந்துகூட எறிவதற்கு முன்! அந்த ஆண்டு இந்தப் பட்டிமன்றம் நடந்திருந்தால், நடுவர் அவர்களே, என்னை எதிரணி நாற்காலியில்தான் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை நண்பர் சொல்லவில்லை. 2011 மார்ச் முதல் ஜூலை வரை அணி முதலாளிகள் கதவடைப்பு செய்தார்கள். அது முடிந்தபோது புதிய ஒப்பந்தம் வந்தது. டிராஃப்டில் எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறாரோ, அதற்கு ஏற்பச் சம்பளம் ஏறக்குறைய முன்கூட்டியே நிர்ணயம். எடுக்கப்பட்டவர் நான்கு ஆண்டு கட்டுப்பட்டவர். மூன்று பருவம் முடியும்வரை ஒப்பந்தத்தைத் திருத்திப் பேசவே கூடாது. அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பக்கம் முதலாளிகள், மறுபக்கம் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்களின் சங்கம். கல்லூரியிலிருந்து நாளை வரப்போகிற பையனுக்கு அங்கே நாற்காலி இல்லை. பந்திக்கு வராதவன் இலையிலிருந்து எடுத்து வந்தவர்களுக்குப் பரிமாறிவிட்டார்கள்.

அந்த ஆண்டு முதல் ஆளாக வந்தவர் கேம் நியூட்டன். அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 2.2 கோடி டாலர். ஆண்டுக் கணக்கில் பிராட்ஃபோர்டு வாங்கியதில் பாதிகூட இல்லை. எறிந்த பந்துகளால் முதல் ஆட்டத்திலேயே மொத்தம் 422 கெஜம், அடுத்த ஆட்டத்தில் 432 கெஜம் அணியை முன்னேற்றிக் காட்டினார் மனிதர். நிரூபித்தாரா இல்லையா? நிரூபித்ததும் சம்பளம் உயர்ந்ததா? அடுத்த ஆண்டும் ஏற்கெனவே எழுதிய அதே ஒப்பந்தம்தான்.

எதிரணியின் கொள்கையே இதுதானே: "நிரூபிக்கட்டும், பிறகு கொடுக்கலாம்." நல்ல கொள்கை. அதையே கையில் எடுத்துக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போவோம்.

2022 டிராஃப்டில் மொத்தம் 262 பேர். 262-ஆவது ஆள், அதாவது கடைசி ஆள், சான் ஃபிரான்சிஸ்கோ அணி எடுத்த குவார்ட்டர்பேக் பிராக் பர்டி. கடைசியாக எடுக்கப்படுபவரை 'பொருட்படுத்தத் தேவையில்லாதவர்' என்று கேலிப் பட்டம் சூட்டி அழைப்பது அங்கே வழக்கம். நான்கு ஆண்டுக்கும் சேர்த்துச் சுமார் 37 லட்சம் டாலர். அவருக்கு முன்னால் இருந்த இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் காயம்பட, டிசம்பரில் இவர் உள்ளே வந்தார். அணி வென்றுகொண்டே போனது. 2023 ஜனவரியில் பிலடெல்பியாவில் அரையிறுதிக்கு ஒப்பான ஆட்டம். பந்தை எறியும் கணத்தில் கையில் அடி. முழங்கை தசைநார் கிழிந்தது. வெளியே போனார். மாற்றாக வந்தவருக்குத் தலையில் அடிபட்டது. வேறு ஆளே இல்லை. கிழிந்த முழங்கையோடு பர்டி மறுபடி களத்துக்கு வந்து, தூரத்துக்கு எறிய முடியாமல், பக்கத்தில் நிற்பவர் கையில் பந்தைத் திணித்துக்கொண்டே ஆட்டத்தை முடித்தார்.

அந்த முழங்கை ஆறாமல் போயிருந்தால், அவருக்கு உறுதியாகக் கிடைத்திருக்கக்கூடியது என்ன? அந்த 37 லட்சத்தில் ஒரு துண்டு. கடைசிச் சுற்றில் வருபவர்களின் சம்பளம் பெரும்பாலும் உத்தரவாதம் இல்லாதது.

நல்லவேளை, ஆறியது. அடுத்த பருவத்தில் 4,280 கெஜம் எறிந்து அந்த அணியின் சாதனையை முறியடித்தார். அணியை இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். அந்த ஆண்டு அவருடைய அடிப்படைச் சம்பளம் 8.7 லட்சம் டாலர். ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு அப்போது 22.48 கோடி டாலர். அதில் அரை சதவீதம்கூட இவருக்கு இல்லை. சக வீரர் ஒருவரோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டு குடியிருந்தார். அணி முன்வந்து கூடுதலாகக் கொடுக்க நினைத்திருந்தாலும் ஒப்பந்தத்தைத் திருத்த விதி இடம் தரவில்லை. 2025 மே மாதம்தான் ஐந்து ஆண்டுகளுக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது.

"8.7 லட்சம் டாலர் சின்னத் தொகையா? பள்ளி ஆசிரியர் என்ன வாங்குகிறார்?" என்று எதிரணிச் சகோதரி உருக்கமாகக் கேட்டார். ஆசிரியருக்கு அதிகம் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பர்டியின் சம்பளத்தைக் குறைத்தால் அது ஆசிரியர் வீட்டுக்கா போகிறது? வீரர்களுக்கான மொத்தத் தொகை, வருமானத்தில் இவ்வளவு பங்கு என்று ஏற்கெனவே பேசி முடித்தது. ஒருவரிடம் மிச்சம் பிடித்தால் இன்னொருவருக்குப் போகும். டிக்கெட் விலை ஒரு டாலர்கூட இறங்காது.

கரோலினா அணியின் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கையும் சொன்னார்கள். 2023-இல் முதல் ஆள், ஏறக்குறைய 3.8 கோடி டாலர், அடுத்த ஆண்டு இரண்டே ஆட்டங்களில் பெஞ்சுக்குப் போனார். உண்மைதான். அவரைத் தேர்ந்தெடுத்தது யார்? நல்ல வீரர் ஒருவரையும் டிராஃப்ட் தேர்வு வாய்ப்புகளையும் விலையாகக் கொடுத்து முதலிடத்தை வாங்கியது அந்த அணி. தன்னை எடுக்கச் சொல்லி யங் யார் காலிலும் விழவில்லை. எந்த ஊரில், யாரிடம் வேலை செய்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமைகூட அவருக்கு இல்லை; டிராஃப்டில் யார் எடுக்கிறார்களோ அங்கேதான் போயாக வேண்டும். 32 அணிகளும் ஏலம் கேட்கட்டும் என்று கதவைத் திறந்துவிட்டுப் பாருங்கள், இந்தப் புதுமுகங்களுக்கு உண்மையான விலை என்னவென்று தெரியும். அந்தச் சோதனைக்கு முதலாளிகள் தயாராக இல்லை.

பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்குகளின் நிலை இன்னும் மோசம். ஓட்டம் உச்சத்தில் இருக்கும் வயது முழுவதும் புதுமுகச் சம்பளத்தில் கழிகிறது. நிரூபித்துவிட்டு வந்து கேட்டால், "முட்டி தேய்ந்துவிட்டதே தம்பி" என்கிறார்கள். முன்பு நிரூபிக்கவில்லை, இப்போது வயதாகிவிட்டது. இடையில் எந்த நாளில்தான் கொடுப்பார்கள்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் 2011-க்கு முந்தைய ஜமார்கஸ் ரஸ்ஸலை மறுபடி அழைத்து வர வேண்டாம். பர்டி நிரூபித்துவிட்டு 8.7 லட்சத்துக்கு ஆடிய அந்த 2023 பருவத்தில், அதிகமாக வாங்கியவர் அவரா, அவரை வைத்து மிச்சம் பிடித்தவர்களா என்று மட்டும் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.