நைட், லைட், ரைட்: ஒலிக்காத ஜி-எச் எங்கிருந்து வந்தது?

நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் ஐயத்தை முதலில் படித்துவிடுகிறேன். "இரவைக் குறிக்கும் நைட், வெளிச்சத்தைக் குறிக்கும் லைட், சரி என்னும் பொருள்தரும் ரைட், சண்டையைக் குறிக்கும் ஃபைட் ஆகிய எல்லாவற்றிலும் ஐ-ஜி-எச்-டி என்ற எழுத்துகள் சேர்ந்தே வருகின்றன. வாயில் வராத ஜி-யையும் எச்-ஐயும் ஏன் எழுத வேண்டும் என்று ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்கிறாள். வெள்ளையைக் குறிக்கும் ஒயிட், பட்டத்தைக் குறிக்கும் கைட் ஆகியவற்றில் மட்டும் அவை ஏன் இல்லை என்றும் கேட்கிறாள்."

அந்தச் சிறுமியின் இரண்டாவது கேள்விதான் கூர்மையானது. முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், இரவுக்கு என்-ஐ-எச்-டி என்று நான்கே எழுத்துகள்தாம். அந்த எச் ஊமை எழுத்து அன்று. நீங்கள் 'அஃது' என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அகரம் முடிந்து துகரம் தொடங்குவதற்குள் ஒரு மூச்சு உரசிக்கொண்டு வெளியேறுகிறதல்லவா, ஏறத்தாழ அந்த ஒலியைத்தான் அந்த எச் குறித்தது. ஆகவே அன்றைய மக்கள் இரவை 'நிஃத்' என்றும், சரியானதை 'ரிஃத்' என்றும், வலிமையை 'மிஃத்' என்றும் சொன்னார்கள். ஒயிட், கைட் ஆகியவற்றின் பழைய வடிவங்களிலோ, டி-க்கு முன் இந்த உரசல் ஒலி இருந்ததே இல்லை. இல்லாத ஒலிக்கு யாரும் எழுத்து இடவில்லை, அவ்வளவுதான்.

நார்மானியர் வந்த பிறகு, பிரெஞ்சு வழக்கில் பயின்ற எழுத்தர்கள் இந்த ஒலிக்கு வெறும் எச் போதாது என்று கருதியதால், எண் 3 போலத் தோன்றும் 'யோக்' என்ற எழுத்தும், பின்னர் ஜி-எச் என்ற இணையும் புழக்கத்துக்கு வந்தன. எழுத்து இப்படிப் பருத்துக்கொண்டிருந்தபோது ஒலி மெலியத் தொடங்கியது. உரசல் மறைந்த இடத்தை ஈடுசெய்வதுபோல் முன்னிருந்த இகரம் நீண்டு, 'நிஃத்' என்பது 'நீட்' ஆயிற்று. (தேர்வு நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.) பிறகு ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம்பெயர்ந்தபோது அந்த ஈகாரம் ஐகாரமாகி, இன்றைய நைட் பிறந்தது. ஆனால் 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கியதை அடுத்து, அச்சுக்கூடங்கள் பழைய எழுத்து முறையைப் படிப்படியாக நிலைப்படுத்திவிட்டதால், ஒலி போன பிறகும் எழுத்து தங்கிவிட்டது. சிரிப்பைக் குறிக்கும் லாஃப், இருமலைக் குறிக்கும் காஃப் போன்ற சில சொற்களில் மட்டும் அந்த ஒலி மறையாமல் ஃப் ஆக மாறிக்கொண்டது.

மறைந்த ஒலியைக் காதால் கேட்க வேண்டுமென்றால் ஜெர்மானியர் ஒருவரை 'இரவு' என்று அவர் மொழியில் சொல்லச் சொல்லுங்கள், 'நஃட்' என்பார். ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் பேச்சிலும் அந்த உரசல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்னும் பின்னோக்கிப் போனால், இந்த உரசலே ஒரு காலத்தில் 'க்' ஆக இருந்தது என்பது தெரியவரும். லத்தீன் மொழியில் எட்டு என்பது 'ஆக்டோ'. பழைய ரோமானிய நாட்காட்டியின் எட்டாம் மாதம் என்பதால்தான் அக்டோபருக்கு அந்தப் பெயர். அங்கே 'க்ட்' என்று இருப்பதே ஆங்கில எயிட்டில் ஜி-எச்-டி என்று நிற்கிறது. நம் பஞ்சாங்கத்து அஷ்டமியில் உள்ள வடமொழி 'அஷ்ட' என்பதும் அதே மூலத்திலிருந்து கிளைத்ததுதான். ஆங்கிலம், ஜெர்மன் முதலிய ஜெர்மானிய மொழிகளில் பழைய 'க்' இவ்வாறு மூச்சொலியாக மாறிய முறையை ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் ஒழுங்குபடுத்திக் காட்டினார்.

ஆனால் இந்தக் கூட்டத்தில் ஒரு போலியும் உண்டு. மகிழ்ச்சியைக் குறிக்கும் டிலைட், பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதில் உரசல் ஒலி எக்காலத்திலும் இருந்ததில்லை. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் அதை ஜி-எச் இல்லாமலேயே எழுதினார். பிற்காலத்தார் லைட் என்ற சொல்லைப் பார்த்து, இதற்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி அவ்விரு எழுத்துகளையும் நுழைத்துவிட்டார்கள். நேயரின் மகள் இந்த ஒரு சொல்லுக்குக் காரணம் கேட்டால், பெரியவர்கள் செய்த எழுத்துப்பிழை அப்படியே நிலைத்துவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.